கேட்பவர் எண்ணிக்கை

"என் பேச்ச எத்தன பேர் கேக்காங்க? எண்ணிக்கையக் காட்டுங்க சார்."

இசக்கி கதவைத் தட்டாமலே உள்ளே வந்திருந்தாள். செல்வின் சார் பொட்டலத்து உப்புமாவில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. ஆனால் வெந்நீர் பொட்டலத்தை விட்டுவிட்டு மேசையில் ஓடியது.

செவ்வாய் கிரகத்துக்குக் கிளம்பும் முன்னால் கொடுத்த பயிற்சியில் ஏகப்பட்ட விதிகள் சொன்னார்கள். பாதியை அவள் கப்பல் ஏறுவதற்குள்ளேயே மறந்துவிட்டாள். ஒன்றை மட்டும் யாரும் மறப்பதில்லை. லீவு கேள், டாக்டர் கேள், கூடுதலாக ஒரு பொட்டலம் சோறு கேள். உன் பேச்சை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று மட்டும் ஒருநாளும் கேட்காதே.

பேச்சு என்பது அங்கே பெரிய விஷயம். பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் கிடக்கிற தூரத்துக்கு ஒரு 'ஹலோ' போய்ச் சேர்ந்து, பதிலுக்கு ஒரு 'ஹலோ' வருவதற்குள் டீ போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். அதனால் உரையாடல் கிடையாது. ஒவ்வொருவருக்கும் தினம் ஒரு பேச்சு வேளை. மைக் முன்னால் உட்கார்ந்து பேசவேண்டியது. குரல் ரவுட்டர் ரவுட்டராகத் தாவி, மேட்டில் நிற்கும் கோபுரத்துக்குப் போய், அங்கிருந்து பூமிக்குப் பறந்து, வீட்டில் கம்பெனி வைத்துவிட்டுப் போன பெட்டியில் ஒலிக்கும். வீட்டிலிருந்து பதில் வராது. பூமியிலிருந்து வரும் வழி உத்தரவுகளுக்கும் கருவிகளுக்கும் மட்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. நீ பேசு, அங்கே கேட்பார்கள். அந்த நம்பிக்கையில்தான் அந்த முகாமே ஓடியது.

"உக்காரு," என்றார் செல்வின்.

"நிக்கேன்."

"இசக்கி, நீ இதக் கேக்கக் கூடாது. நான் பதில் சொல்லவும் கூடாது. ரெண்டு பேரும் இது நடக்காத மாதிரி இருந்திரலாம்."

"நடந்துட்டு சார்."

செல்வின் முகாமின் மேலாளர். சுரங்கப் படிப்பு படித்தவர், நாகர்கோவில்காரர், தலையில் மிச்சமிருக்கும் முடியைக்கூட ஒழுங்காக வாரியிருப்பார். நெட்வொர்க் அவருக்குப் புரியாது. புரிகிற ஒரே ஆள் இசக்கி. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரும் சண்முகக்கனியின் மகள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்; இன்றைக்கு வரைக்கும் ஒரே ஆளும்கூட.

"காலையில பத்தொம்பதாம் டப்பா பக்கத்து ரவுட்டர மாத்தப் போனேன்லா," என்றாள். "தூசி அடச்சு மூச்சுத் திணறிக் கெடந்துச்சு. கழத்துறதுக்கு முன்னால என்ன வருது, என்ன போவுதுன்னு பாத்தேன். நாலு டப்பாவோட பேச்சு உள்ள வருது. ஒண்ணுகூட வெளிய போவல. நாலும் அங்கனயே செத்துக் கெடக்கு."

"ரவுட்டர் பழுதா இருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். புதுச மாட்டுனேன். அதுவும் அதையேதான் செய்யுது. பழுதில்ல சார். மேல கோபுரத்துல இருந்து அதுக்கு உத்தரவு வந்திருக்கு, 'அனுப்பாத, இதக் கேக்க ஆளில்ல'ன்னு. அது உத்தரவுக்கு ஒழுங்காக் கீழ்ப்படியுது. திரும்பி வந்து என் ரூமு ரவுட்டரப் பாத்தேன். என் பேச்சும் பூமிக்குப் போற வழியில ஏறல."

டப்பா என்பது பனிவெளியில் சிதறிக் கிடக்கும் கூடுகள். ஒரு டப்பாவுக்கு ஒரு ஆள், ஒரு ட்ரில். பனியைக் குடைந்து நீராக்கி அனுப்பவேண்டும். முன்பு டப்பாக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேச முடிந்தது. ஒருமுறை எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் ட்ரில்லை நிறுத்தினார்கள். அதிலிருந்து டப்பாவுக்கு டப்பா பேச்சு கிடையாது. மேலிருந்து உத்தரவு வாங்கிக்கொள்ளலாம், பேச்சு வேளையில் வீட்டோடு பேசலாம். அவ்வளவுதான்.

"நீ போன வருஷம் ஏதோ மாத்தினியே," என்றார் செல்வின். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?"

அவர் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அதனாலேயே அது அதிகமாகக் குத்தியது.

போன வருஷம் இதே அறையில், இதே மேசையைத் தட்டித் தட்டி அவருக்கு அவள்தான் விளக்கினாள். மல்டிகாஸ்ட் என்றால் ஒருத்தர் பேசி ஒரு கூட்டம் கேட்பது. அதற்கு ரெண்டு வழி. டென்ஸ் மோடு என்பது கல்யாண வீட்டுக் குழாய் ரேடியோ மாதிரி. ஊருக்கே பாடும், எவனுக்கு வேண்டாமோ அவன்தான் வந்து நிறுத்தச் சொல்லணும். ஸ்பார்ஸ் மோடு அப்படியில்லை. கேட்டவனுக்கு மட்டும்தான் கொடுக்கும். எனக்கு வேணும் என்று சொல்பவனும் பேசுகிறவனும் சந்திக்க நடுவில் ஒரு ரவுட்டர் இருக்கும், அதற்குச் சந்திப்பு என்று பெயர். யாருமே வேணும் என்று சொல்லாவிட்டால், பேச்சு பேசின இடத்திலேயே நின்றுவிடும். வழி அடைபடாது. மிச்சமாகும்.

"சிக்கனமா இருக்கே, மாத்திரு," என்றார் அன்றைக்கு. அவள் மாற்றினாள். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல், ஒரே மூச்சில், கோபுரத்தையே சந்திப்பாக வைத்து. தலைமையகத்திலிருந்து பாராட்டுகூட வந்தது.

"உண்டு," என்றாள் இப்போது. "வீட்டுப் பெட்டியில பொத்தான அமுக்கி 'எனக்கு வேணும்'னு சொன்னாத்தான் இனி குரல் வரும்னு வீடுகளுக்கு யார் சொன்னா?"

"அறிவிப்பு போச்சே. எல்லார் போனுக்கும்."

"எந்த பாஷையில?"

செல்வின் மேசையில் ஓடின வெந்நீரைத் துணியால் ஒற்றினார்.

"இங்கிலீஷ்லதானே சார்? எங்க வீட்ல அத வாசிக்க ஒரே ஆளு நான்தான். அந்த ஆளு இங்கன இருக்கேன். கரண்டு போய் வந்தா மறுபடியும் அமுக்கணும். எங்க ஊர்ல கரண்டு போவாத நாளு எது?"

"அந்த விதி உங்கள ஏமாத்துறதுக்காகப் போட்டதில்ல," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "தெற்கு முகாம்ல ஒருத்தர் எண்ணிக்கையக் கேட்டு வாங்கிப் பாத்தார். சுழி. மறுநாள் தலைக்கவசம் மாட்டாமக் கதவத் தொறந்து வெளிய போயிட்டார். அதுக்கப்புறம்தான் யாருக்கும் காட்டுறதில்லன்னு வச்சாங்க."

"சுழியப் பாத்து ஒருத்தர் செத்தாரு. நீங்க சுழிய மாத்தல. பாக்குறத நிறுத்திட்டீங்க."

அவர் கெட்டவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அது அவள் கோபத்துக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் கத்திவிட்டுப் போயிருக்கலாம். அவர் சாவி எண்ணைத் தட்டி, திரையை அவள் பக்கம் திருப்பினார். இரக்கமா, இவளோடு இனி முடியாது என்கிற அலுப்பா, தெரியவில்லை.

வரிசையாகப் பெயர்கள். பக்கத்தில் எண்கள். அதிகாரிகளின் பெயர்களுக்கு நேரே மூன்று, ஐந்து, ஒரு டாக்டருக்குப் பதினொன்று. டப்பாக்காரர்களுக்கு நேரே சுழி. சுழிக்குக் கீழே சுழி. பாசிமணி கோத்த மாதிரி சுழி. நடுவில் ஒரு இடத்தில் செல்வின் என்றும் இருந்தது. அதற்கு நேரே இருந்ததையும் அவள் பார்த்தாள். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

இசக்கியம்மாள்: ஒன்று.

ஒன்று. அம்மா அமுக்கியிருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை எப்படியோ, யாரையோ கேட்டு, உப்பு வெட்டிப்போன விரலால் அந்தப் பொத்தானை அமுக்கியிருக்கிறாள். இவ்வளவு நேரம் இந்த மனுஷனிடம் நின்று கத்தியதற்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"பாத்தியா?" என்றார் செல்வின், சிரிக்க முயன்று. "உனக்கு ஆள் இருக்கு."

ஆனால் அவள் நெட்வொர்க் படித்தவள். எண்ணைப் பார்த்தால் அது எந்த வழியில் வந்தது என்று பார்க்காமல் கண் நிற்காது. பூமியிலிருந்து வரும் 'வேணும்' கோபுரத்தின் மேல்வழியாகத்தான் இறங்கும். இது மேலேயிருந்து இறங்கவில்லை. பக்கத்திலிருந்து வந்திருந்தது. பத்தொன்பதாம் டப்பாவிலிருந்து.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

பத்தொன்பதாம் டப்பாவில் இருப்பவர் சுடலைமணி. கோவில்பட்டிப் பக்கம். மோடு மாற்றியபோது அவருடைய டப்பாவில் உத்தரவு கேட்கும் புதிய ஒலிபெருக்கியை மாட்டியது இசக்கிதான். மாட்டினால் சோதித்துப் பார்க்கவேண்டும். சோதிக்க ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பேச்சு வேண்டும். அடுத்தவர் பேச்சைத் தொடக்கூடாது என்பதால் தன் பேச்சையே அதில் கையால் சேர்த்து, குரல் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. சோதனை முடிந்ததும் அப்படிச் சேர்த்த அந்த ஒரு கட்டளை வரியை எடுக்கவேண்டும். இந்த வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் மறக்கிற வரி அது. கையால் சேர்த்தது, கரண்டு போனாலும் போகாது, யாரும் அமுக்கவும் வேண்டாம், எடுக்கிறவரைக்கும் அப்படியே நிற்கும். அவள் எடுக்கவில்லை.

அப்படியென்றால் இத்தனை நாளாக அம்மாவிடம் அவள் சொன்னதெல்லாம் சுடலைமணியின் டப்பாவில் ஒலித்திருக்கிறது.

என்னவெல்லாம் சொன்னாள்? மாதவிடாய் வலியில் சுருண்டு படுத்தது. குளியல் தண்ணீரை ஒருத்தி திருடினாள் என்று சந்தேகப்பட்டது. அழுகை, வார்த்தையே இல்லாமல் வெறும் அழுகை, எத்தனையோ நாள். மேலாளரை எருமை என்றது. பத்தொன்பதாம் டப்பாக் கிழவன் முட்டுவலி முட்டுவலி என்று சொல்லியே உயிரை வாங்குகிறான், ஊரில் செக்கு இழுக்கவா போகிறான் என்று சொன்னது.

"என்ன?" என்றார் செல்வின்.

இடுப்புப் பையிலிருந்து கைக்கருவியை எடுத்தாள். பழைய ரவுட்டரைக் கழற்றும்போது அதில் கடைசியாகத் தங்கியிருந்ததை இறக்கி வைத்திருந்தாள். சுடலைமணியின் நேற்றைய பேச்சு. அடுத்தவர் வீட்டுப் பேச்சு என்று கேட்காமல் வைத்திருந்தாள். இப்போது அமுக்கினாள்.

முதலில் ஒரு இருமல். பிறகு அந்தக் கரகரக் குரல்.

"ஏ பிள்ள, நேத்து நீ அழலல்லா? அது போதும். எனக்கு என்னத்தத் தெரியும், நீ யாருன்னு கூடத் தெரியாதுன்னு இருந்திரலாம்னுதான் பாத்தேன். முட்டுவலிக்காரக் கெழவன்னு நீ சொன்னப்ப ஆளத் தெரிஞ்சுபோச்சு. செக்கா இழுக்கப் போறான்னு கேட்ட பாரு, ஒருநாள் பூரா சிரிச்சேன். உண்மைதான் தாயி, ஊருக்குப் போயி என்னத்த இழுக்கப் போறேன்? இது தப்பா இங்கன விழுகுதுன்னு நீ ரிப்பேருக்கு வந்தப்பவே உங்கிட்டச் சொல்லியிருக்கணும். சொன்னா நிறுத்திருவ. அதான் சொல்லல. மன்னிச்சுக்க."

மறுபடி இருமல்.

"நான் பேசுறது உனக்குக் கேக்காது, எம் மகளுக்குத்தான் போவும். எங்கப்பனுக்குப் பித்துப் பிடிச்சிட்டு, எவளையோ தாயி தாயிங்கான்னு அவ நெனப்பா. நெனச்சுக்கிடட்டும். ஏ செல்லக்கிளி, இது நம்மள மாதிரி ஒரு வீட்டுப் பிள்ளம்மா. அவகிட்டத்தான் பேசுதேன்." கொஞ்சம் இடைவெளி. "அந்த மேலாளர ரொம்பத் திட்டாத பிள்ள. எருமைன்னாலும் அதுவும் தனியாத்தான் கெடக்கு. ஊருக்குப் போற கப்பலுக்கு உம் பேரு வந்துட்டுன்னு சொன்னேல்லா? போயிரு. திரும்பிப் பாக்காமப் போயிரு. நீ போயிட்டா இங்கன சத்தம் இருக்காது. இருந்தா என்ன, ட்ரில் சத்தம் இருக்கு. அது போதும். போதும்னு வச்சுக்கிடுதேன்."

அத்தோடு நின்றது.

செல்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எருமையா?" என்றார்.

"ஒருநாள் கோவத்துல சொன்னது."

"ஒருநாளா?"

"நாலஞ்சு நாள்."

அவர் தலையாட்டிக்கொண்டார். அவள் கைக்கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கேட்கிறாள் என்று நம்பி, அந்த மகளிடம் விளக்கமும் சொல்லிக்கொண்டு, யாருமே கேட்காத குரலில் ஒரு மனுஷன் அவளுக்குத் தினமும் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் தினமும் அம்மாவிடம் பேசுவதாக நினைத்து அவரிடம் பேசியிருக்கிறாள். சுற்றி நாற்பது டப்பாவிலும் இதேதான் நடந்துகொண்டிருக்கிறது, அங்கே தப்பாகக்கூட ஒரு குரல் விழவில்லை.

"பழையபடி டென்ஸுக்கு மாத்தணும் சார்."

"முடியாது. மேல போற வழி அடச்சிரும். போதாததுக்கு டப்பாக்காரங்க ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குக் கேக்கும். அது நடக்கக் கூடாதுன்னு எனக்கு எழுத்துல உத்தரவு இருக்கு." அவர் முன்னால் சாய்ந்தார். "இசக்கி, உனக்கு நான் ஒண்ணு செஞ்சு தரேன். தூத்துக்குடிக்கு ஆள் அனுப்பி உங்கம்மா பெட்டிய அமுக்க வைக்கச் சொல்றேன். இன்னிக்கே தகவல் போகும். கப்பல் ஏறுற வரைக்கும் உங்கம்மா உன் பேச்சக் கேக்கட்டும். நீயும் பேசாம ஊரு போய்ச் சேரு. சுடலைமணிக்கு மருந்து நான் கூட்டி அனுப்புறேன்."

அவள் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. மகள் பெரிய படிப்பு படித்து வானத்துக்குப் போனதும் பேச்சையே நிறுத்திவிட்டாள் என்று பாத்தி வரப்பில் நின்று அம்மாவிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அம்மா தலைத்துணியை இறுக்கிக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போயிருப்பாள். ஒரு தகவல் போனால் போதும். நாளைக்கே அம்மாவின் காதில் குரல் விழும். கப்பல் வந்தால் ஆளே போய் நிற்கலாம்.

"எனக்கு மட்டுமா?" என்றாள்.

"உனக்கு மட்டும். எல்லாருக்கும்னு ஆரம்பிச்சா என் கையில இல்ல."

"படிக்கப் போறப்பவும் இதேதான் சொன்னாங்க சார். ஹாஸ்டல்ல ஒரு சீட்டு இருக்கு, உனக்கு மட்டும்னா தரேன், கூட வந்த பிள்ளைகளப் பத்திப் பேசாதன்னு. நான் வாங்கிக்கிட்டேன். அதுல ஒருத்தியும் படிப்ப முடிக்கல." எழுந்தாள். "இன்னொரு தடவ வாங்க என்னால முடியாது."

"எங்க போற?"

"கோபுரத்துக்கு."

"உன் பாஸ்வேர்டை நிறுத்திட்டா?"

"நிறுத்துங்க. கேபிளச் செருகுனா பாஸ்வேர்டு கேக்காது, அங்கன யாரும் ஏற மாட்டாங்கன்னு அப்படி வச்சிருக்கோம்." அவள் குரலில் இப்போது கோபம் இல்லை. பாடம் நடத்துகிற மாதிரி இருந்தது. "ஒவ்வொரு ரவுட்டராப் போயி மாத்த வேண்டியதும் இல்ல சார். நான் அன்னிக்கு எல்லாத்தையும் ஸ்பார்ஸ்-டென்ஸ்னு கலந்துதான் வச்சேன். சந்திப்பு இருக்கிறவரைக்கும் கேட்டவனுக்கு மட்டும் கொடுக்கும். சந்திப்பக் காணோம்னா என்ன பண்ணும் தெரியுமா? யாருகிட்டக் கேக்கணும்னு தெரியாம எல்லாருக்கும் கொடுத்துரும். இங்கயும், பூமியிலயும். நான் சந்திப்ப மட்டும் எடுக்கப் போறேன். ஒரே ஒரு வரி."

"உங்கம்மா பெட்டியில நாப்பது ஆம்பளைங்க குரல் கேக்கும்."

"பயந்துருவா. பெறகு ஒவ்வொருத்தர் பேரா விசாரிக்க ஆரம்பிச்சிருவா."

"இசக்கி, ஒரு வாரத்துல ஆள் அனுப்பித் திருப்பி மாத்திருவாங்க."

"ஒரு வாரம் கேக்கட்டும். கேட்டுப் பழகினவங்க பெறகு சும்மா இருக்க மாட்டாங்க."

"கப்பல்ல உன் பேர எடுத்துருவாங்க. அடுத்த கப்பலுக்கு ரெண்டு வருஷம். அதுலயும் ஏத்துவாங்களான்னு தெரியாது. புரியுதா?"

"புரியாம இருக்குமா சார்? அதான இங்கன இவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்."

சுவரில் மாட்டியிருந்த வெளி உடுப்பை எடுத்துக் காலை நுழைத்தாள். செல்வின் தடுக்க எழுந்திருக்கவில்லை. காவலைக் கூப்பிடும் பொத்தான் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கை அதன் பக்கத்தில் கிடந்தது, மேலே போகவில்லை. திரை இன்னும் அவள் பக்கமே திரும்பியிருந்தது. அவருடைய பெயருக்கு நேரே இருந்த சுழியை அவர் எப்போதோ பார்த்தாயிற்று என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கும் விதி தெரியும். ஆனால் சாவி கையிலிருக்கும்போது எவ்வளவு நாள் பார்க்காமல் இருக்க முடியும்? பார்த்துவிட்டும் இந்த மனுஷன் தினமும் தலையை வாரி, பேச்சு வேளையில் மைக் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறார்.

தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கதவருகே நின்றாள்.

"உங்க ரூமுலயும் ஒரு ஒலிபெருக்கி இருக்கு சார். இன்னும் கொஞ்ச நேரத்துல அதுல எல்லார் குரலும் வரும். உங்க குரலும் எல்லார்கிட்டயும் போவும். அது டென்ஸ் மோடு. வேண்டாம்னா நீங்கதான் வேண்டாம்னு சொல்லணும். இப்பச் சொன்னீங்கன்னா உங்கள மட்டும் விட்டுருதேன்."

காத்திருந்தாள். காற்றுக் குழாயில் இரைச்சல் ஓடியது. செல்வின் மேசையைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார், ஒருதடவை வாயைத் திறந்து மூடினார்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இசக்கி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.